நீலம் காணாமற்போனது தொடர்பான விசாரணை

உலக விஞ்ஞான வரலாற்றிலேயே ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்னும் இரண்டு மகத்தான தாக்கங்களையும் ஓர் ஆசிரியர்கூட இல்லாமல் உயர்தர மாணவர்களுக்கு விளங்கப்படுத்திய முதலாவது கந்தோர் எங்களுடையது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் எங்கள் கந்தோரின் முழுப் பெயரையும் ஒருமுறை மூச்சு விடாமல் வாசித்துப் பார்க்கட்டும்: 'மீள்குடியேறிய பிரதேசப் பாடசாலைகளுக்கான விஞ்ஞான விழிப்புணர்வு மற்றும் மேம்பாட்டு இணைப்பு அலகு'. இவ்வளவு நீளமான பெயரைச் சுமந்துகொண்டு ஒரு கந்தோர் எதையும் சாதிக்காமல் இருந்துவிட முடியாது. நான் அதன் இணைப்பாளர். என்னுடைய கதிரை சுழலும்.

உயிரியல் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் உண்ணும் சோற்றிலும் பாணிலும் இருக்கிற வெல்லம், அதாவது சீனிச் சத்து, உடலின் கலத்துக்குள் போனதும் தன்னிடமுள்ள இலத்திரன்களை இழக்கிறது. அது ஒட்சியேற்றம். அந்த இலத்திரன்களை இன்னொன்று ஏற்றுக்கொள்கிறது. அது தாழ்த்தல். இந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் சக்தியில்தான் நாம் நடக்கிறோம், பேசுகிறோம், கூட்டம் கூடுகிறோம். இதில் விதி ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் இழந்தால் இன்னொருவர் ஏற்றிருக்க வேண்டும். இழந்தது அந்தரத்தில் தொங்காது.

இதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லித் தந்தவள் என் மகள் ஜூலியட். நகரத்துப் பெரிய பாடசாலையில் உயர்தர உயிரியல் படிக்கிறாள். மீன் முள்ளை எடுத்து ஒதுக்கியபடியே கலச்சுவாசத்தை விளக்குவாள். பிள்ளைக்கு அப்படி ஒரு தெளிவு. அவளுக்கு அதைக் கற்பித்தவர் யார் என்பது இந்த அறிக்கைக்கு அவசியமற்றது.

விடயத்துக்கு வருகிறேன். பாப்பாமோட்டையைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் நண்டுமோட்டை வரும். யுத்த காலத்தில் ஊரோடு வள்ளமேறி இராமேஸ்வரம் போன சனம், இருபது வருடம் முகாம்களில் இருந்துவிட்டு, நான்கு வருடங்களுக்கு முன்னர் திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறியிருக்கிறது. அவர்களுக்கு நாம் எதிலும் குறை வைக்கவில்லை. வைத்தியசாலைக் கட்டடம் இருக்கிறது, வைத்தியர் இல்லை. பஸ் தரிப்பிடம் இருக்கிறது, பஸ் இல்லை. பாடசாலையில் உயர்தர உயிரியல் பிரிவு இருக்கிறது. நான்கு மாணவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியை? அவரும் இருக்கிறார். அன்ரோனெற் ரீச்சர், பட்டதாரி, நியமனம் பெற்று ஒரு திங்கட்கிழமை அங்கே கடமையேற்றார். வெள்ளிக்கிழமை, 'சேவையின் அவசியம் கருதி', தற்காலிகமாக நகரத்துப் பாடசாலை ஒன்றுடன் இணைக்கப்பட்டார். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது இரண்டு வயது. பெயர் மட்டும் நண்டுமோட்டைப் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. ஆகையால் அங்கே வெற்றிடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதிபர் பத்திநாதன் இந்த எளிய உண்மையை விளங்கிக்கொள்ளாதவர். மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் புழுதி குளித்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார்.

"சேர், உயிரியலுக்கு ஆள் வேணும்."

"ஆள் இருக்கிறா, பத்திநாதன். பதிவில இருக்கிறா."

"பதிவில இருக்கிறா சேர், வகுப்பில இல்லை."

"ஆள் இருக்கிற இடத்துக்கு இன்னொரு ஆளைத் தாறதுக்குச் சட்டத்தில இடமில்லை."

"அப்ப பதிவில இருந்தெண்டாலும் எடுத்துவிடுங்கோவன், சேர்."

"எடுத்தால் உங்களுக்கு ஒரு ஆசிரியர் குறைஞ்சுபோடும். அது பாடசாலைக்கு வடிவில்லை."

அன்ரோனெற் ரீச்சரும் லேசுப்பட்டவர் அல்லர். 'நண்டுமோட்டைக்கே திரும்பிப் போக விரும்புகிறேன்' என்று இரண்டு கடிதம் எழுதினார். பள்ளிமுனையில் வீடு, நகரத்தில் வேலை, நடந்து போகிற தூரம். இப்படி ஒரு வாழ்வு கிடைத்தும் புழுதி ரோட்டில் போகக் கேட்கிறவரின் மனநிலை குறித்து நான் கவலைப்பட்டேன். இரண்டு கடிதங்களையும் கறையான் எட்டாத அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் நாம் கல்நெஞ்சர்கள் அல்லர். ஆசிரியைக்குப் பதிலாக ஓர் ஆய்வுப் பெட்டி கொடுத்தோம். சோதனைக்குழாய்கள், மெதிலீன் நீலம் ஒரு போத்தல், வெல்லம் ஒரு பொதி, பாண் பொங்கவைக்கும் மதுவம் ஒரு பொதி. செய்முறை மூன்று மொழிகளில் எழுதப்பட்டு, இரண்டு மொழிகளில் அச்சாகியிருந்தது. தமிழ்ப் பக்கம் அடுத்த வருடத் திட்டத்தில் உண்டு. பெட்டியை வைக்க ஓர் ஆய்வுகூடமும் கட்டி, நாடா வெட்டி, படமெடுத்து, அன்று பின்னேரமே பூட்டினோம். ஆய்வுகூடம் பாவித்தால் பழுதாகும். இது அனுபவத்தில் அறிந்தது.

இந்த நிலையில்தான், உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கையில், பணிப்பாளர் செல்வநாயகம் அவர்கள் நண்டுமோட்டைக்கு மேற்பார்வைக்கு வருவதாக அறிவித்தார். அவர் முன்னிலையில் ஒரு செய்முறை வெற்றிகரமாக நடந்தால் உயிரியல் பிரிவு தொடரும். நடக்காவிட்டால் பிரிவு மூடப்படும். நான்கு பிள்ளைகளும் கலைப்பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். கலை பயில்வதும் நல்லதே.

பணிப்பாளர் வந்தார். மாலை விழுந்தது. இளநீர் இறங்கியது. ஆய்வுகூடத்தைத் திறக்கப் போனோம். பூட்டுத் திறபடவில்லை. ஒன்றரை வருட உப்புக் காற்று திறப்பையும் பூட்டையும் ஒன்றாக்கியிருந்தது.

பத்திநாதன் திறப்பை முறுக்கினார், தேங்காயெண்ணெய் விட்டார், பூசைக்குப் போகிற வேதக்காரன் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை மெதுவாகச் சொன்னார். பின்னால் நின்ற மெலிந்த பிள்ளையொன்று எட்டிப் பார்த்தது.

"இரும்பு ஒட்சியேறிப் போச்சு, சேர்," என்றது.

அதுதான் டிலானி. மண்டபம் முகாமில் பிறந்து பத்தாம் வகுப்புவரை அங்கே படித்தவள். நான்கு பிள்ளைகளுக்குள் ஆங்கிலச் செய்முறையை அகராதி வைத்து மொழிபெயர்த்தவளும் அவள்தான். டொக்டராகி ஊரின் வைத்தியசாலைக் கட்டடத்துக்குள் ஆள் இருக்கப்பண்ணப் போவதாகச் சொல்லித் திரிகிறாள் என்று அதிபர் என் காதில் போட்டார்.

"அங்க இதை ஆக்சிஜனேற்றம் எண்டு படிச்சனாங்கள், சேர்," என்று அவள் பணிப்பாளருக்கு விளக்கினாள். "மற்றதுக்கு அங்க ஒடுக்கம் எண்டு பேர். இஞ்ச தாழ்த்தல் எண்டு சொல்லுகினம். எந்தப் பேரில சொன்னாலும் எங்களுக்கு விளங்கும், சேர்."

மரியாதையான பதில்தான். ஆனாலும் பணிப்பாளர் இளநீர்க் கோம்பையைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசியில், ஊருக்குப் பாண் கொண்டுவரும் தாராபுரத்துச் சரிபுதீன் நானா தன் ஓட்டோவிலிருந்து சில்லுக் கழற்றும் சாவியை எடுத்து வந்து, ஒரே நெம்பில் பூட்டை உடைத்தார். 'ஒட்சியேற்றம்: செய்முறை நிறைவு' என்று நான் குறித்துக்கொண்டேன். செலவு, ஒரு பூட்டு.

அடுத்தது தாழ்த்தல். அதை நானே நடத்திக் காட்டினேன். மதுவத்தை வெல்லத் தண்ணீரில் கரைத்து, குழாயில் ஊற்றி, மெதிலீன் நீலம் நான்கு துளி விட்டேன். மதுவம் சுவாசிக்கும், வெல்லம் இழக்கும் இலத்திரன்களை நீலம் ஏற்கும், நீலம் நிறமற்றுப் போகும். இதுவே செய்முறையின் தாற்பரியம். நாங்கள் காத்திருந்தோம். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. நீலம் நீலமாகவே இருந்தது.

"நல்ல நீலம்," என்றார் பணிப்பாளர். "இனி என்ன நடக்க வேணும்?"

"நிறம் போக வேணும், சேர்."

"ஏன் போக வேணும்? வடிவாத்தானே இருக்கு."

"செய்முறை அப்பிடி, சேர்."

டிலானி பொதியைத் திருப்பித் திகதியைப் பார்த்தாள். "மதுவம் செத்துப்போச்சு, சேர். ஒண்டரை வருஷம் பூட்டி வைச்சால் ஆர்தான் உயிரோட இருப்பினம்?"

"இது எங்கள் அலகு வழங்கிய மதுவம்," என்றேன் நான். "சாகாது."

"இப்பிடி ஆகும் எண்டு தெரிஞ்சுதான் நானாட்ட நேற்றே சொல்லி வைச்சனான்," என்றாள் அவள். சரிபுதீன் நானா சேர்ட் பொக்கற்றிலிருந்து ஒரு சிறு கடதாசிச் சரையை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க மகள். இண்டைக்கு விடியப் பாணுக்குப் போட்ட ஈஸ்ற்தான். நல்லாப் பொங்கும்."

அவள் இன்னொரு குழாயில் அதே வெல்லத்தையும் அதே நீலத்தையும் விட்டு, வெயில் படுகிற யன்னல் கட்டில் வைத்தாள். நான்கு பிள்ளைகளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலம் முதலில் வெளிறியது. பிறகு கலங்கல் வெள்ளையானது. காற்றுப் படுகிற மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய நீல வளையம் ஒன்று மிஞ்சியது. பிள்ளைகள் கத்தினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குள்ளும் ஏதோ ஒன்று துள்ளியது. பதவியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

பணிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் பெட்டியின் பொருட்பட்டியல் இருந்தது.

"இதில மெதிலீன் நீலம் எண்டு இருக்கு," என்றார். "நீலம் எங்க?"

பணிப்பாளர் பட்டியலைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அரச உடைமை. பட்டியலில நீலம், குழாயில வெள்ளை. இதுக்கு ஆர் பொறுப்பு?"

நிலைமையின் பாரதூரத்தை உணர்ந்து அந்த இடத்திலேயே ஆரம்ப விசாரணைக் குழு ஒன்றை அமைத்தோம். பணிப்பாளர் தலைவர், நான் செயலாளர். காணாமற்போனவற்றுக்குக் குழு அமைப்பதில் இந்த நாட்டுக்கு நல்ல பழக்கம் உண்டு என்பதால் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் தயாராகிவிட்டது. டிலானியைக் கதிரையில் இருத்தினோம்.

"நீலத்தைக் கடைசியாக எப்போது கண்டீர்?"

"பத்து நிமிசத்துக்கு முன்னம், சேர்."

"அப்போது அது யாருடன் இருந்தது?"

"மதுவத்தோட, சேர்."

"வெளியார் வந்தார்களா? வாகனம் ஏதும் வந்ததா?"

"நானாட ஓட்டோ மட்டுந்தான். அது சிவப்பு, சேர்."

"போகுமுன் நீலம் ஏதாவது சொன்னதா?" என்று பணிப்பாளர் கேட்டுவிட்டு, பிறகு அந்தக் கேள்வியைப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னார்.

டிலானி எழும்பினாள். "நீலம் ஒரு இடமும் போகேல்லை, சேர். இதுக்குள்ளதான் இருக்கு. மதுவம் வெல்லத்திட்ட இருந்து எடுத்த இலத்திரனை நீலம் ஏற்றிருக்கு. அதாலதான் கண்ணுக்குத் தெரியேல்லை. காத்துப் பட்டால் அதைத் திருப்பிக் குடுத்திடும்."

குழாயின் வாயைப் பெருவிரலால் பொத்தி, இரண்டு குலுக்குக் குலுக்கினாள். நீலம் வந்துவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, எந்தச் சேதாரமும் இல்லாமல், முழுதாக.

விசாரணை முடியுமுன்னரே காணாமற்போனது திரும்பி வந்தது எங்கள் பகுதியில் அதுவே முதல் தடவை. வாசலில் நின்ற தாய்மார் இருவர் கைதட்டவில்லை. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. அவர்களுக்கான குழு வேறு.

"கெட்டிக்காரி," என்றார் பணிப்பாளர். "சரி, இந்தச் செய்முறையில இருந்து என்ன விளங்கினது?"

"இழந்தவர் ஒராள் இருந்தால் ஏற்றவர் ஒராள் இருக்கத்தான் வேணும் எண்டு விளங்கினது, சேர்." அவள் குழாயை மேசையில் வைத்தாள். "எங்களுக்கு ஒரு ரீச்சர் வந்தவா. ஒரு கிழமை படிப்பிச்சவா. பிறகு இல்லை. இழந்தது நாங்கள். ஏற்றது ஆர், சேர்?"

நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை. தகரம் முதல்தரம்.

பத்திநாதன் என்னைப் பார்த்தார். சரிபுதீன் நானா என்னைப் பார்த்தார். பணிப்பாளர் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தார்; அதனால்தான் அவர் பணிப்பாளர்.

"மிக ஆழமான கேள்வி," என்றார். "இதுக்கும் ஒரு விசாரணை வேணும்." என் தோளில் கை வைத்தார். "இதைச் செய்யத் தகுந்த ஆள் எங்கட இணைப்பாளர்தான்."

அது உண்மை. விடையை ஏற்கெனவே அறிந்திருந்த ஒரே ஆள் நான்தான். அன்ரோனெற் ரீச்சரை நகரத்துடன் இணைக்கப் பரிந்துரைத்த கடிதத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள்.

செய்முறைபற்றிய தீர்மானத்தைப் பணிப்பாளர் வாகனத்தில் ஏறுமுன் அறிவித்தார். நிறம் போனது மெய்தான். ஆனால் அது போனது பாணுக்குப் போடும் மதுவத்தால். அங்கீகரிக்கப்பட்ட மதுவம் உயிரற்றது. உயிருள்ள மதுவம் அங்கீகாரமற்றது. எனவே செய்முறை நடந்ததாகக் கொள்ள முடியாது. எனது விசாரணை அறிக்கை கிடைக்கும் வரை உயிரியல் பிரிவு மூடப்பட்டிருக்கும்.

"அறிக்கை எப்ப வரும், சேர்?" என்று டிலானி வாகனக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். "ஆவணியில சோதினை."

"அவசர விசாரணை, பிள்ளை," என்றேன். "அவசரப்பட ஏலாது."

அறிக்கையைக் கார்த்திகையில் சமர்ப்பித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். 'ஆசிரியை இழக்கப்படவில்லை, அவர் பதிவேட்டில் தொடர்ந்தும் காணப்படுகிறார்' என்பது அதன் முடிவு. அதற்கிடையில் மூன்று பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போயிருந்தார்கள். டிலானி எங்கும் போகவில்லை, பாடசாலையை விட்டுவிட்டாள் என்று பத்திநாதன் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் அதே அலுமாரியில் வைத்தேன்.

தை மாதம் முடிவுகள் வந்தன. என் மகள் ஜூலியட்டுக்கு உயிரியலில் அதிவிசேட சித்தி. எங்கள் வீட்டில் நடந்த கொண்டாட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேக் எடுக்க நானே தாராபுரத்துப் பேக்கரிக்குப் போனேன். கேக் என்றால் சரிபுதீன் நானாவின் கேக்தான்.

உள்ளே, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, கேக்குகளுக்கு மேலே ஐசிங்கால் எழுதிக்கொண்டிருந்தது டிலானி. என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை.

"என்ன எழுதிறது, சேர்?"

நான் கடதாசியைப் பார்த்து வாசித்தேன். மகள் தன் கையாலேயே எழுதித் தந்தது. "ஜூலியட்டுக்கு வாழ்த்துக்கள். அன்ரோனெற் ரீச்சருக்கு நன்றி."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே கேட்டது.

அவள் நீல ஐசிங்கை எடுத்தாள். எழுத்து ஒன்றும் பிசகாமல் எழுதினாள். பெட்டியை மூடிக் கயிறு கட்டி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தாள்.

"ஏற்றது ஆரெண்டு இப்ப தெரிஞ்சிட்டுது, சேர்," என்றாள். "எங்கட விசாரணை முடிஞ்சுது."

அன்றைக்கு விருந்துக்கு அன்ரோனெற் ரீச்சர் வரவில்லை. சுகமில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். கேக்கை வெட்டினோம். எழுத்து இருந்த துண்டுகளை வேறு யாருக்கும் கொடுக்காமல், ஆவணங்களைக் கையாளும் வழக்கப்படி, நானே சாப்பிட்டு முடித்தேன். வெல்லம் முறைப்படி என் கலங்களுக்குள் சென்று, இலத்திரன்களை இழந்து, ஒட்சியேறி, தேவையான சக்தியைத் தந்தது. மறுநாள் காலை கந்தோருக்குப் போய், கதிரையைச் சுழற்றி அமர்ந்து, நண்டுமோட்டைக் கணித ஆசிரியரைச் சேவையின் அவசியம் கருதி நகரத்துடன் இணைக்கும் கடிதத்தில் கையெழுத்திட்டேன்.

என் இளைய மகன் இந்த வருடம் கணிதப் பிரிவு.